ஒரு புதிய கார்டா, இரண்டு பழைய கார்டுகளா?

இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை ஒரே கணினியில் பூட்டி விளையாட்டுக் காட்சிகளை வரைய வைக்கும் முறை 1998-இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ2 கார்டுகளோடு பரவியது. எஸ்எல்ஐ எனப்பட்ட அந்த முறையில் திரையின் கிடைக்கோடுகளை இரு கார்டுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பங்குபோட்டு வரைந்தன. பின்னர் 3டிஎஃப்எக்ஸின் தொழில்நுட்பங்களை வாங்கிய என்விடியா, எஸ்எல்ஐ என்ற அதே பெயரில் 2004-இல் இந்த வசதியை மீண்டும் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே கிராஸ்ஃபயர் என்ற பெயரில் ஏடிஐயும் களமிறங்கியது.

கையில் இருக்கும் கார்டின் விலை இறங்கியதும் அதே போல இன்னொன்றை வாங்கிச் சேர்த்தால், புதிய கார்டின் வேகம் பாதி செலவில் கிடைத்துவிடும் என்பதே இதிலிருந்த கவர்ச்சி. 2016-இல் பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பக்கம் 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 970 இரண்டு; மறுபக்கம் அப்போது புதிதாக வந்திருந்த ஜிடிஎக்ஸ் 1080 ஒன்று. பழைய கார்டு ஒவ்வொன்றுக்கும் 145 வாட் வீதம் இரண்டுக்கும் 290 வாட் மின்சாரம் வேண்டும். புதியதற்கு 180 வாட் போதும்.

மின்சாரத்தை விட முக்கியமானது நினைவகம். ஜிடிஎக்ஸ் 970-இல் இருப்பது 4 ஜிபி. இரண்டைச் சேர்த்தாலும் விளையாட்டுக்குக் கிடைப்பது 8 ஜிபி அல்ல, அதே 4 ஜிபிதான். காட்சிக்கு வேண்டிய படங்கள் அனைத்தையும் இரு கார்டுகளும் தனித்தனியே பிரதியெடுத்து வைத்துக்கொண்டாக வேண்டும். 1080-இல் 8 ஜிபி முழுதும் பயன்படும்.

வேகத்திலும் ஒரு சிக்கல் உண்டு. எஸ்எல்ஐ முறையில் பெரும்பாலும் ஒரு ஃப்ரேமை ஒரு கார்டும் அடுத்ததை மற்றதும் வரைகின்றன. விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் இடைவெளி சுமார் 16.7 மில்லி விநாடி. இரு கார்டுகளும் சீராக ஒத்துழைக்காதபோது அந்த இடைவெளி 8, 25, 8, 25 என்று மாறி மாறி வரலாம். சராசரி அப்போதும் 60 என்றே காட்டும். கண்ணுக்கோ காட்சி விக்கி விக்கி ஓடும். எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்த இடம் இது.

பிற்கால விளையாட்டுகள் முந்தைய ஃப்ரேமின் விவரங்களை எடுத்துத்தான் அடுத்த ஃப்ரேமின் விளிம்புகளை மென்மையாக்குகின்றன. அதனால் ஒரு கார்டு முடிக்கும் வரை மற்றது காத்திருக்க நேர்ந்தது. இணைத்ததன் பயனே தேய்ந்தது. 2015-இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12, பல கார்டுகளை இயக்கும் பொறுப்பை விளையாட்டை உருவாக்குபவர்களிடம் ஒப்படைத்தது. ஏற்றுக்கொண்டவர்கள் சிலரே. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060-இல் எஸ்எல்ஐ வசதியே இல்லை. 2021 ஜனவரி முதல் பழைய கார்டுகளுக்குப் புதிய எஸ்எல்ஐ அமைப்புகளைச் சேர்ப்பதையும் என்விடியா நிறுத்தியது. ஆகவே விளையாட்டுக்கென்று வாங்குபவர் இன்று யோசிக்கவே வேண்டியதில்லை: ஒரே நல்ல கார்டுதான் சரி.

பிளெண்டர் போன்ற மென்பொருளில் முப்பரிமாணப் படம் தயாரிப்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. அங்கே வேலையைத் துண்டுகளாகப் பிரித்துக்கொடுக்கலாம். ஒரு துண்டு மற்றதற்காகக் காத்திருப்பதில்லை. இரண்டு கார்டுகள் இருந்தால் நேரம் கிட்டத்தட்ட பாதியாகக் குறையும். ஆனால் காட்சி முழுவதும் பொதுவாக ஒவ்வொரு கார்டின் நினைவகத்திலும் அடங்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை வீட்டிலேயே இயக்குவோருக்குக் கணக்கு தலைகீழாகிறது. மாதிரியின் அடுக்குகளைப் பாதிப் பாதியாக இரு கார்டுகளிலும் வைக்க முடிவதால் இங்கே நினைவகம் உண்மையிலேயே கூடுகிறது. 2020-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3090 இரண்டு சேர்ந்தால் 48 ஜிபி. 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090-இல் 32 ஜிபி. 40 ஜிபி இடம் கேட்கும் மாதிரி பழைய ஜோடியில் அடங்கும், புதியதில் அடங்காது. இப்படி அடுக்கு பிரிக்கும்போது ஒரு கார்டு முடித்த பிறகே மற்றது தொடங்குவதால், கூடுவது கொள்ளளவுதான், வேகமல்ல. மாதிரி 32 ஜிபிக்குள் அடங்குமானால் புதிய கார்டே முந்தும்.

ஜோடியாக வாங்க முடிவெடுத்தால் மற்ற பாகங்களையும் பார்க்க வேண்டும். இரண்டு 3090-க்கு மட்டும் 700 வாட் தேவைப்படும் என்பதால் பவர் சப்ளை அதற்கும் மேலே தாங்க வேண்டும். விலை குறைந்த மதர்போர்டுகள் பலவற்றில் இரண்டாவது ஸ்லாட், நீளத்தில் முழுதாகத் தெரிந்தாலும், தரவுப் பாதை நான்கே கொண்டது. கார்டுகள் நெருங்கி அமர்ந்தால் கீழ்க் கார்டின் சூட்டை மேல் கார்டு உறிஞ்சி, கொதித்து, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 3090-இன் பின்புறத்திலும் நினைவகச் சிப்புகள் இருப்பதால் அந்தப் பக்கமும் காற்றோட்டம் கட்டாயம். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர், கார்டை முழுச் சுமையில் ஓடவிட்டு நினைவகத்தின் வெப்பநிலையைப் பார்த்த பிறகே பணம் கொடுப்பது நல்லது.