எச்.டி. டிவிடியா, புளூ-ரேயா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சி.டி., டிவிடி, எச்.டி. டிவிடி, புளூ-ரே ஆகிய நான்கையும் மேஜை மேல் வரிசையாக வைத்துப் பாருங்கள். நான்கும் 12 செ.மீ. விட்டமும் 1.2 மி.மீ. தடிமனும் கொண்ட வட்டத் தகடுகள்தான். புதியவர் ஒருவருக்கு எது எதென்று கண்டுபிடிப்பது கடினம். ஆனால் கம்ப்யூட்டரில் உள்ள சாதாரண டிவிடி டிரைவில் போட்டால் முதல் இரண்டு மட்டுமே ஓடும். புளூ-ரேக்குத் தனி டிரைவ் வேண்டும். எச்.டி. டிவிடிக்கோ, இன்று புதிய பிளேயரே கடையில் கிடைப்பதில்லை.

எச்.டி. டிவிடியும் புளூ-ரேயும் 2006-இல் சில வார இடைவெளியில் சந்தைக்கு வந்தன. இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் ஒன்று காணாமல் போனது. எப்படி? காரணம் தெரிந்தால், அடுத்த முறை எந்தப் புதிய கருவியை வாங்கும்போதும் உங்கள் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

புதிய டிஸ்க் ஏன் தேவைப்பட்டது?

இந்தியாவில் விற்கப்பட்ட பால் முறை டிவிடியில் ஒரு படத்துக்கு 720 × 576 புள்ளிகள், அதாவது சுமார் 4 லட்சம் புள்ளிகள். முழு ஹை டெபனிஷன் படத்தில் 1920 × 1080, அதாவது 20 லட்சத்துக்கும் மேல். ஏறக்குறைய ஐந்து மடங்கு! பெரிய எல்சிடி திரையில் டிவிடி படம் சற்று மங்கலாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

புள்ளிகள் கூடினால் இடமும் கூட வேண்டும் அல்லவா? ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 25 மெகாபிட் வேகத்தில் பதியப்பட்ட இரண்டு மணி நேரப் படத்துக்கு 22.5 ஜிபி இடம் தேவை. 4.7 ஜிபி கொண்ட ஓரடுக்கு டிவிடியில் இந்தப் படத்தின் முதல் 25 நிமிடங்கள் மட்டுமே அடங்கும்.

நீல லேசர் செய்யும் வேலை

டிஸ்கில் உள்ள தகவல் மிக நுண்ணிய பள்ளங்களாகச் சுருள் வரிசையில் பதிந்திருக்கும். லேசர் ஒளி அவற்றைப் படிக்கும். ஒளியின் அலைநீளம் குறைந்தால் இன்னும் சிறிய பள்ளத்தைப் படிக்க முடியும். சி.டி.யில் 780 நானோமீட்டர், டிவிடியில் 650 நானோமீட்டர் லேசர் பயன்படுகிறது. புதிய இரண்டு பார்மட்களும் 405 நானோமீட்டர் லேசரையே எடுத்துக்கொண்டன. இதை நீல லேசர் என்று அழைத்தாலும் உண்மையில் ஊதா நிறத்தை ஒட்டியது.

லேசர் ஒன்றே என்றால் வேறுபாடு எங்கே? தகவல் அடுக்கு இருக்கும் ஆழத்தில்தான். எச்.டி. டிவிடியில் அந்த அடுக்கு, டிவிடியில் இருப்பதுபோலவே, மேற்பரப்பிலிருந்து 0.6 மி.மீ. உள்ளே இருந்தது. புளூ-ரேயில் 0.1 மி.மீ. தான். அடுக்கு மேலே இருப்பதால் லென்ஸ் ஒளியை இன்னும் கூர்மையாகக் குவிக்க முடிகிறது. விளைவு, எச்.டி. டிவிடியில் ஓர் அடுக்குக்கு 15 ஜிபி, ஈரடுக்கில் 30 ஜிபி. புளூ-ரேயில் 25 ஜிபி, ஈரடுக்கில் 50 ஜிபி.

கொள்ளளவில் புளூ-ரே முந்தியது. ஆனால் தகவல் மேற்பரப்புக்கு அருகில் இருப்பதால் கீறல் பயம் அதிகம். தொடக்கத்தில் டிஸ்கை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தே பயன்படுத்தினார்கள். உறுதியான மேல் பூச்சு கண்டுபிடிக்கப்பட்ட பிறகே உறை தேவையற்றுப் போனது. எச்.டி. டிவிடிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஏற்கனவே டிவிடி அச்சிடும் ஆலைகளைச் சிறிது மாற்றி அமைத்தாலே போதும் என்பது அதன் பெரிய வசதி.

இரண்டு அணிகள்

எச்.டி. டிவிடி அணியில் தோஷிபாவும் என்.இ.சி.யும் முன்னால் நின்றன. மைக்ரோசாப்டும் இன்டெலும் 2005-இல் அவற்றுக்கு ஆதரவு தெரிவித்தன. புளூ-ரே அணியில் சோனி, பானசோனிக், பிலிப்ஸ், பயனியர், சாம்சங் எனப் பெரிய கூட்டமே இருந்தது.

விலையில் எச்.டி. டிவிடிக்கே வெற்றி. அமெரிக்காவில் 2006 ஏப்ரலில் வந்த தோஷிபாவின் முதல் பிளேயர் 499 டாலர். ஜூனில் வந்த சாம்சங்கின் புளூ-ரே பிளேயர் 999 டாலர். படம் இரண்டிலும் நன்றாகவே இருந்தது. எச்.264, விசி-1 போன்ற அதே சுருக்க முறைகளைத்தான் இரண்டும் பயன்படுத்தின.

பிறகு எது சிக்கல்? படங்கள்தான்! சோனி, டிஸ்னி, பாக்ஸ் படங்கள் புளூ-ரேயில் மட்டும். யுனிவர்சல் படங்கள் எச்.டி. டிவிடியில் மட்டும். எல்லாப் படமும் வேண்டுமென்றால் இரண்டு பிளேயர் வாங்க வேண்டும். இதனால் பலர் எதையுமே வாங்காமல் டிவிடியோடு இருந்துவிட்டார்கள்.

சண்டை முடிந்த விதம்

2006 நவம்பரில் சோனி தன் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவியை அமெரிக்காவில் வெளியிட்டது. அதற்குள்ளேயே புளூ-ரே டிரைவ் இருந்தது. விளையாடுவதற்காக வாங்கியவர்கள் வீட்டிலும் புளூ-ரே பிளேயர் தானாக நுழைந்துவிட்டது. மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் 360-க்கோ, எச்.டி. டிவிடி டிரைவைத் தனியாக 199 டாலர் கொடுத்து வாங்க வேண்டும்.

தோஷிபா விலையைக் குறைத்துப் பார்த்தது. 2007 நவம்பரில் வால்மார்ட் ஒரு மாடலை 100 டாலருக்கும் குறைவாக விற்றது. பாரமவுண்ட் நிறுவனமும் அந்த ஆண்டு எச்.டி. டிவிடி பக்கம் சாய்ந்தது. ஆனால் 2008 ஜனவரி 4 அன்று, அதுவரை இரண்டிலும் படம் வெளியிட்டு வந்த வார்னர், இனி புளூ-ரே மட்டுமே என்று அறிவித்தது. பிப்ரவரியில் நெட்பிளிக்ஸ், பெஸ்ட் பை, வால்மார்ட் ஆகியவை அடுத்தடுத்து புளூ-ரே பக்கம் வந்தன. பிப்ரவரி 19 அன்று தோஷிபா எச்.டி. டிவிடியைக் கைவிடுவதாக அறிவித்தது. 2009-இல் தோஷிபாவே புளூ-ரே அணியில் சேர்ந்தது!

வாங்கியவர்கள் கதி என்ன?

எச்.டி. டிவிடி வாங்கியவர்களின் பிளேயர் மறுநாளே நின்றுவிடவில்லை. கையில் இருந்த டிஸ்க்குகளும் சாதாரண டிவிடிகளும் ஓடின. ஆனால் புதுப் படங்கள் வருவது நின்றது. பிளேயர் பழுதானால் வாங்கிய டிஸ்க்குகளும் பயனற்றுவிடும். தங்களிடம் எச்.டி. டிவிடி பிளேயர் வாங்கியவர்களுக்குப் பெஸ்ட் பை 50 டாலர் பரிசு அட்டை கொடுத்தது. ஒரு பக்கம் டிவிடியாகவும் மறுபக்கம் எச்.டி. டிவிடியாகவும் இருந்த இருபக்க டிஸ்க்குகளை வாங்கியவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். டிவிடி பக்கத்தை இன்றும் பார்க்கலாம்.

வென்ற பக்கத்தில் முந்திக்கொண்டவர்களுக்கும் இழப்பு உண்டு. முதலில் வந்த பல புளூ-ரே பிளேயர்களில் இன்டர்நெட் இணைப்பு வசதி இல்லை. பின்னால் வந்த டிஸ்க்குகளில் இருந்த படத்துக்குள் படம், இன்டர்நெட் வழி கூடுதல் காட்சிகள் போன்றவற்றை அவற்றால் காட்ட முடியவில்லை. பிளேஸ்டேஷன் 3 வைத்திருந்தவர்கள் மட்டும் சாப்ட்வேரைப் புதுப்பித்து அந்த வசதிகளைப் பெற்றார்கள்.

இன்று உங்கள் கம்ப்யூட்டரில் புளூ-ரே

புதிய கம்ப்யூட்டரில் புளூ-ரே படம் பார்க்க விரும்பினால் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும்.

1. டிரைவ்: இன்றைய லேப்டாப் பலவற்றில் டிரைவே இருப்பதில்லை. யு.எஸ்.பி. மூலம் இணைக்கும் வெளி டிரைவ் வாங்கலாம். அது புளூ-ரேயைப் படிக்க மட்டுமா, எழுதவும் செய்யுமா என்று கேட்டு வாங்குங்கள்.

2. சாப்ட்வேர்: விண்டோஸில் புளூ-ரே படம் பார்க்கும் வசதி உள்ளடங்கி வருவதில்லை. பவர்டிவிடி போன்ற சாப்ட்வேர் தேவை. டிரைவுடன் சேர்த்துத் தருகிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அதன் விலையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

3. மானிட்டர்: காப்பிப் பாதுகாப்புக்கான எச்.டி.சி.பி. வசதி கிராபிக்ஸ் கார்டிலும் மானிட்டரிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் படம் வராமல் போகலாம்.

4. மண்டலம்: புளூ-ரேயில் ஏ, பி, சி என மூன்று மண்டலங்கள் உண்டு. இந்தியா சி. அமெரிக்காவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் வாங்கி வரும் டிஸ்க் ஏ மண்டலத்துக்கு மட்டுமானால் இங்குள்ள பிளேயரில் ஓடாது.

5. 4கே டிஸ்க்: 2016-இல் வந்த அல்ட்ரா எச்.டி. புளூ-ரே வேறு பார்மட். சாதாரண புளூ-ரே பிளேயரில் ஓடாது. கம்ப்யூட்டரில் முறையாகப் பார்க்க, இன்டெல் புராசஸரில் எஸ்.ஜி.எக்ஸ். என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். 2021-இல் வந்த 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்களிலிருந்து இன்டெல் அதை நீக்கிவிட்டது. எனவே 4கே டிஸ்க்குக்குத் தனி பிளேயர் வாங்குவதே நல்லது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். போட்டியில் வென்ற புளூ-ரேக்கும் இன்டர்நெட் வழிப் படங்கள் வந்தபின் சந்தை சுருங்கிவிட்டது. ஓப்போ 2018-லும், சாம்சங் 2019-லும் புதிய பிளேயர் தயாரிப்பிலிருந்து விலகின. எழுதும் புளூ-ரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. குடும்பப் படங்களை டிஸ்கில் பதிந்து வைத்திருந்தால், ஹார்ட் டிஸ்கிலும் ஒரு பிரதி எடுத்து வைப்பது அவசியம்.

அடுத்த பார்மட் வரும்போது

இனியும் புதிய பார்மட்கள் வரும், மோதிக்கொள்ளவும் செய்யும். அப்போது விலைச்சீட்டையும் விளம்பரத்தையும் மட்டும் பார்க்காதீர்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள். எனக்கு வேண்டிய படங்களும் பாடல்களும் இதில் வெளிவருகின்றனவா? ஒரே நிறுவனம் தயாரிக்கிறதா, பல நிறுவனங்களா? என்னிடம் ஏற்கனவே உள்ள டிஸ்க்குகள் இதில் ஓடுமா? பின்னால் வரும் மாற்றங்களுக்கு ஏற்ப இதன் சாப்ட்வேரைப் புதுப்பிக்க முடியுமா? இவற்றில் இரண்டுக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், ஓராண்டு காத்திருங்கள். அதுவரை உங்கள் பழைய பிளேயர் ஓடிக்கொண்டுதானே இருக்கும்!