பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குக் கூடுதல் வாரண்டி: வாங்கலாமா, வேண்டாமா?

பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்கள் சில, இன்று ஒரு புது மைவியின் விலைக்கோ அதற்கும் குறைவாகவோ கிடைக்கின்றன. ஃபோக்ஸ்வாகன் சிரோக்கோவும் மாஸ்டா ஆர்எக்ஸ்-8ம் அந்த வரிசையில் முன்னால் நிற்பவை. சிறு வயதில் லயத்து வீட்டுச் சுவரில் படமாக ஒட்டி வைத்திருந்த காரை, வேலைக்குச் சேர்ந்து நாலு காசு சேர்ந்ததும் வாங்கிவிடலாம் என்று இளைஞர்கள் பலர் கிளம்புகிறார்கள். விலை படிந்து, கையெழுத்துப் போடும் நேரத்தில்தான் விற்பனையாளர் இன்னொரு தாளை நீட்டுவார்.

“தம்பி, இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் போட்டா ரெண்டு வருஷம் வாரண்டி. எஞ்சின் போனாலும் கியர் பாக்ஸ் போனாலும் கம்பெனி பார்த்துக்கும். நீங்க நிம்மதியா ஓட்டலாம்.”

பக்கத்தில் நிற்கும் அப்பாவுக்கும் அது நியாயமாகவே படும். பழைய கார், அதுவும் வேகக் கார். பழுது வந்தால் செலவு தாங்காது. ஒரு பாதுகாப்பு இருக்கட்டுமே என்று தோன்றும். எண்ணத்தில் தவறில்லை. ஆனால் அந்தத் தாள் எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது என்பதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால், நிம்மதிக்குக் கொடுத்த காசு வீணாகலாம்.

கூடுதல் வாரண்டி என்று ஒரே பெயரில் அழைத்தாலும், அதில் மூன்று வகை உண்டு. முதலாவது, காரைத் தயாரித்த நிறுவனமோ அதன் அதிகாரப்பூர்வ விநியோகிப்பாளரோ தருவது. பழைய கார்களுக்கு இது பெரும்பாலும் கிடைக்காது. இரண்டாவது, பேங்க் நெகாராவின் உரிமம் பெற்ற காப்புறுதி நிறுவனம் பின்னால் நிற்பது. மூன்றாவது, கார் விற்பவரோ, வாரண்டி விற்பதற்கென்றே நடத்தப்படும் தனியார் நிறுவனமோ தருவது. இந்த மூன்றாவது வகை காப்புறுதி அல்ல. இரு தரப்புக்கும் இடையிலான ஒப்பந்தம், அவ்வளவுதான். அந்த நிறுவனம் கடையை மூடிவிட்டால் வாரண்டித் தாளும் வெறும் தாளாகிவிடும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது தாளின் அடியில் யார் பெயர் இருக்கிறது என்பதைத்தான். விற்பனையாளர் வாயால் சொல்லும் பெயரும் தாளில் அச்சாகியிருக்கும் பெயரும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

அடுத்து, எந்தக் காருக்கு எந்த இடத்தில் பழுது வரும் என்பது தெரிய வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் வாரண்டியைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. சிரோக்கோவையே எடுத்துக்கொள்வோம். 2008 முதல் 2017 வரை தயாரான இந்தக் கார் நம் நாட்டுச் சாலைகளில் நிறையவே ஓடுகிறது. 1.4 டிஎஸ்ஐ எஞ்சின் கொண்ட வகையில் ஏழு கியர் கொண்ட டிஎஸ்ஜி கியர் பாக்ஸ் உண்டு. அதில் இரண்டு கிளட்ச்கள் இருக்கின்றன. இரண்டும் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச்கள். எப்போது எந்தக் கிளட்ச் பிடிக்க வேண்டும், எந்தக் கியர் விழ வேண்டும் என்பதை ‘மெக்கட்ரோனிக்’ என்ற பாகம் தீர்மானிக்கிறது. மின்னணு மூளையும் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வால்வுகளும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்ததுதான் அது.

குளிர்நாட்டு நெடுஞ்சாலையில் இந்த ஏற்பாடு சுகமாக வேலை செய்யும். காலை ஏழரை மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில், நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது நிலைமை வேறு. கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் தேய்கிறது, சூடேறுகிறது. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனமே உலகம் முழுவதும் சுமார் 1.6 மில்லியன் கார்களைத் திரும்ப அழைத்து, இந்த வகை கியர் பாக்ஸின் செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டுக் கனிம எண்ணெயை ஊற்றியது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில், நின்று நின்று போகும் போக்குவரத்தில், கியர் பாக்ஸின் மின் இணைப்பில் கோளாறு வரலாம் என்பதே காரணம். நம் ஊரை மனத்தில் வைத்து எழுதியது போலவே இருக்கிறது அந்தக் காரணம்.

இப்போது வாரண்டித் தாளுக்கு வருவோம். ‘கியர் பாக்ஸுக்குப் பாதுகாப்பு உண்டு’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே படித்தால், ‘எண்ணெயில் இயங்கும் உட்புற இயந்திரப் பாகங்கள்’ என்று விளக்கம் வரும். அதாவது பல்சக்கரங்கள், தண்டுகள், பேரிங்குகள். கிளட்ச் தேயும் பொருள் என்று தனியே ஒதுக்கப்பட்டிருக்கும். மெக்கட்ரோனிக்கை மின்னணுப் பாகம் என்று சொல்லி இன்னொரு வரியில் விலக்கியிருக்கலாம். ஆக, இந்தக் காரில் பழுதாகக்கூடியவை என்று பட்டறைக்காரர்கள் முதலில் சொல்லும் இரண்டும் வெளியே நிற்க, எளிதில் பழுதாகாத பல்சக்கரங்களுக்கு மட்டும் பாதுகாப்பு கிடைக்கிறது. எல்லாத் தாள்களும் இப்படி என்று சொல்ல முடியாது. மெக்கட்ரோனிக் என்ற சொல்லையே பட்டியலில் சேர்த்திருக்கும் தாள்களும் உண்டு. அந்த ஒரு சொல் இருக்கிறதா, இல்லையா என்பதில்தான் ஆயிரக்கணக்கான ரிங்கிட் நிற்கிறது.

அதே சிரோக்கோவின் 2.0 வகையில் ஆறு கியர் பெட்டி. கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருக்கும். அதற்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றியாக வேண்டும். முந்தைய உரிமையாளர் அதை மாற்றிய ரசீது இல்லையென்றால், ‘பராமரிப்புக் குறைபாடு’ என்ற காரணத்தைக் காட்டி வாரண்டி நிறுவனம் கையை விரிக்க இடமுண்டு.

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 இன்னொரு கதை. இதில் வழக்கமான பிஸ்டன்கள் கிடையாது. முக்கோண வடிவ ரோட்டார்கள் சுழல்கின்றன. அவற்றின் முனைகளில் உள்ள சீல்கள்தான் எஞ்சினின் உயிர். அவை தேயத் தேய அழுத்தம் குறைந்து, சூடான எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஒரே நாளில் உடைந்தால் அது பழுது. ஓராண்டாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தால் அது தேய்மானம். பல வாரண்டிகள் பழுதுக்கு மட்டுமே பணம் தரும். ஆர்எக்ஸ்-8 எஞ்சின் போவதோ பெரும்பாலும் இரண்டாவது வழியில். இந்தக் காருக்கு வாரண்டியைவிட, வாங்கும் முன்பே ரோட்டரி எஞ்சினுக்கு உரிய கருவியைக் கொண்டு அழுத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது எவ்வளவோ மேல். வாரண்டிக்குக் கேட்கும் பணத்தில் ஒரு சிறு பகுதிதான் அதற்கு ஆகும். புஸ்பாகோம் பரிசோதனை இந்த வேலையைச் செய்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பிரேக், விளக்கு, புகை, சேசிஸ் எண் போன்றவற்றைப் பார்க்குமே தவிர எஞ்சினையோ கியர் பாக்ஸையோ திறந்து பார்க்காது.

இனி கணக்கு. இரண்டு ஆண்டு வாரண்டிக்கு 3,600 ரிங்கிட் கேட்கிறார்கள், ஒரு பழுதுக்கு அதிகபட்சம் 4,000 ரிங்கிட்தான் தருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். 7,000 ரிங்கிட் செலவாகும் பழுது வருகிறது. நிறுவனம் 4,000 கொடுத்தால், மீதி 3,000 உரிமையாளரின் தலையில். வாரண்டிக்குக் கொடுத்ததையும் சேர்த்தால் அவர் செலவு 6,600. வாரண்டியே இல்லாமல் இருந்திருந்தால் 7,000. இவ்வளவு அலைச்சலுக்கும் மிச்சம் 400 ரிங்கிட். பழுதே வராவிட்டால் 3,600 போனது போனதுதான். இரண்டு ஆண்டுக்குள் இப்படி இரண்டு பெரிய பழுதுகள் வந்தால்தான் வாரண்டி தன் விலையைத் தெளிவாகத் தாண்டுகிறது. ‘ஒரு பழுதுக்கு எவ்வளவு வரம்பு’ என்ற கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

வாரண்டிப் பணத்தைக் கார் விலையோடு சேர்த்து வாடகைக் கொள்முதல் கடனில் போட்டால் இன்னும் மோசம். அந்த 3,600க்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு நிலையான வட்டி, ஐந்து ஆண்டுத் தவணை என்றால் 720 ரிங்கிட் வட்டி ஏறி 4,320 ஆகிவிடும். வாரண்டி இரண்டாம் ஆண்டிலேயே முடிந்துவிடும். அதற்கான தவணை இன்னும் மூன்று ஆண்டு ஓடும்.

அதற்குப் பதிலாக மாதம் 150 ரிங்கிட் ஒதுக்கினால் 24 மாதத்தில் அதே 3,600 சேரும், பழுது வராவிட்டால் பணம் கையில் இருக்கும் என்று சொல்வார்கள். சரிதான். ஆனால் கார் மூன்றாம் மாதமே படுத்துவிட்டால் கையில் இருப்பது 450தான். எனவே தனியே ஒதுக்க நினைப்பவர், வாரண்டிக்குக் கொடுக்கவிருந்த தொகையை முதல் நாளே ஒரு கணக்கில் போட்டுவிட்டு, அதைத் தொடாமல் இருக்க வேண்டும். தீபாவளிச் செலவுக்கு அதில் கை வைப்பவருக்கு இந்த யோசனை உதவாது.

பட்டறை விஷயமும் இருக்கிறது. பல வாரண்டிகள், தங்கள் பட்டியலில் உள்ள பட்டறையில்தான் பழுது பார்க்க வேண்டும் என்கின்றன. அந்தப் பட்டறை ஷா ஆலாமில் இருக்க, கார் கேமரன் மலை ஏற்றத்திலோ தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டப் பாதையிலோ நின்றுவிட்டால், இழுத்து வரும் செலவு யாருடையது என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கியர் பாக்ஸைக் கழற்றிப் பார்க்கும் கூலியும் அப்படியே. கழற்றிப் பார்த்த பிறகு ‘இது எங்கள் பட்டியலில் இல்லை’ என்று சொல்லிவிட்டால் அந்தக் கூலி காரின் சொந்தக்காரருக்குத்தான். ஊரில் பழகிய போர்மேன் குறைந்த விலையில், ஹாஃப் கட் பாகம் போட்டுச் சரிசெய்து தருகிறேன் என்று சொன்னாலும், அங்கே கை வைத்த நாளோடு வாரண்டி செத்துவிடக்கூடும்.

இளைஞர்கள் அதிகம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர் அதை வாங்கியபடியே விடுவது அபூர்வம். புகைக்குழாய் மாறும், காற்று வடிகட்டி மாறும், எஞ்சின் கணினியில் மறுபதிவு செய்து குதிரைச் சக்தியைக் கூட்டுவார்கள். இவற்றில் ஒன்று போதும், எஞ்சின், கியர் பாக்ஸ் கோரிக்கைகளை நிராகரிக்க. வாங்கியவர் செய்யாவிட்டாலும், முந்தைய உரிமையாளர் செய்து வைத்தது கணினியில் தடயமாக நிற்கலாம். சிப்பாங் ஓட்டப்பாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்த படத்தை முகநூலில் போடுவதும் ஆபத்துதான். காரை மாற்றியமைக்கப் போகிறோம் என்று முடிவே செய்துவிட்டவர் வாரண்டிக்குப் பணம் கட்டுவது வீண்.

அப்படியானால் யார் வாங்கலாம்? கார் தயாரித்தபடியே இருக்கிறது, பராமரிப்பு ரசீதுகள் முழுமையாக இருக்கின்றன, பின்னால் காப்புறுதி நிறுவனமோ தயாரிப்பாளரோ நிற்கிறார், அந்தக் காரின் பலவீனமான பாகம் பெயர் சொல்லிப் பட்டியலில் இருக்கிறது, ஒரு பழுதுக்கான வரம்பு அந்தப் பாகத்தின் விலையை ஏறக்குறைய எட்டுகிறது. இவை எல்லாம் பொருந்தினால் வாங்குவதில் நியாயம் உண்டு. இரண்டு குறைந்தால் யோசிக்க வேண்டும். வாரண்டி இல்லாவிட்டால் ஒரு பழுதைக்கூடத் தாங்க முடியாது என்ற நிலையில் இருப்பவருக்கு, கேள்வி வாரண்டி பற்றியதே அல்ல. அந்தக் காரைப் பற்றியது. வீட்டுக்கு ஒரே வாகனமாக, அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகவும் அதுவே என்றால், இன்னும் யோசிக்க வேண்டும்.

திரும்ப அழைப்பும் வாரண்டியும் வேறு வேறு என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. தகாத்தா ஏர்பேக் போன்ற பாதுகாப்புக் குறைபாடுகளுக்கான திரும்ப அழைப்பு, காரின் வாரண்டி முடிந்திருந்தாலும் செல்லும்; மாற்றித் தருவது இலவசம். சேசிஸ் எண்ணைக் கொடுத்து விநியோகிப்பாளரிடம் விசாரித்துவிடலாம்.

வாரண்டி வாங்காதவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று விற்பனையாளர் சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வியாபாரி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். பழைய கார் என்பதால் அதன் விலையையும் நிலையையும் வைத்தே தரம் பார்க்கப்படும். பன்னிரண்டு வயதுக் காரிடம் புதுக் காரின் தரத்தைக் கேட்க முடியாது. ஆனால் வாங்கிய அடுத்த வாரமே கியர் விழாமல் நின்றுவிட்டால் கேட்கலாம். ‘உள்ளது உள்ளபடி, பொறுப்பேற்க மாட்டோம்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி இந்தச் சட்டத்தைத் தாண்டிவிட முடியாது. தனி ஆளிடம் நேரடியாக வாங்கினால் இந்தச் சட்டம் உதவாது. சிங்கப்பூரிலோ 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள ‘லெமன்’ சட்டம் வியாபாரிகள் விற்கும் பழைய கார்களையும் உள்ளடக்குகிறது. ஆறு மாதத்திற்குள் தெரியவரும் குறை, விற்றபோதே இருந்ததாகவே முதலில் கருதப்படும்.

மலேசியாவில் இத்தகைய வழக்கைப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை தொடுக்கலாம். 2019க்கு முன் இந்த வரம்பு 25,000ஆக இருந்தது. கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் செய்ய வேண்டும். வாரண்டி வாங்கி, கோரிக்கை மறுக்கப்பட்டவர்களும் இங்கேயே போகலாம். போகும்போது ரசீது, ஒப்பந்தத் தாள், பட்டறையின் எழுத்துபூர்வ அறிக்கை ஆகியவற்றோடு, ‘எஞ்சின், கியர் பாக்ஸ் எல்லாம் கவர் ஆகும் பாஸ்’ என்று விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் அச்செடுத்துக் கொண்டுபோக வேண்டும். போனை மாற்றும்போது அந்த உரையாடலை அழித்துவிடாமல் வைத்திருப்பவருக்கு வாதாடுவது எளிது.