தேங்காய் எழுந்தால் தண்ணீரா?

கேட்டுத்தான் பார்ப்போமே – 14

பெயரிலேயே ஜலத்தை வைத்துக்கொண்டு தண்ணீருக்கு அல்லாடும் ஊர் ஜலகண்டாபுரம். மேட்டூர் அணை பக்கத்தில்தான். 1934-ல் கட்டி முடித்த அந்த அணையின் தண்ணீர் பெரும்பாலும் டெல்டாவுக்குப் போகிறது. உபரிநீரைச் சேலம் மாவட்டத்தின் 100 ஏரிகளுக்குத் திருப்பும் 565 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியதே 2020-ல்தான். ஆகவே, காடு வைத்திருப்பவருக்கு போர்தான் கதி. போர் போடுவதற்கு முன்னால் ‘பாயிண்ட்’ பார்க்க ஆள் வர வேண்டும்.

அவர் உரித்த தேங்காயை, குடுமி விரல் நுனியைப் பார்க்கும்படி உள்ளங்கையில் படுக்கவைத்து நடப்பார். வேப்பமரம் தாண்டி நாலு எட்டு. தேங்காய் லேசாக ஆடும், சட்டென்று எழுந்து நிற்கும். ஒருமுறை நானும் வாங்கிப் பார்த்தேன். “இறுக்காதீங்க தம்பி, சும்மா வெச்சுக்கங்க” என்றார். அதே இடத்தில் எழுந்தது! உடம்பு சிலிர்த்தது நிஜம். “ஓ பாசிட்டிவ் ரத்தமுங்களா?” என்று கேட்டார். அந்த ரத்தம் உள்ளவர் கையில்தான் நிற்குமாம். இல்லைங்க, பி என்றேன். அதற்குமேல் அவர் ரத்தத்தைப் பற்றிப் பேசவில்லை.

எங்கே எழ வேண்டும் என்று எனக்கு முன்பே தெரியும். விஷயம் அவ்வளவுதான். குழிந்த கையில் படுத்திருக்கும் உருண்டைக் காய் நிலைகொள்ளாதது; மணிக்கட்டு ஒரு நூல் சாய்ந்தால் போதும். மனம் எதிர்பார்ப்பதைத் தசை நமக்கே தெரியாமல் செய்துவிடுகிறது. 1852-ல் வில்லியம் கார்பெண்டர் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் இதற்கு ‘ஐடியோமோட்டார்’ என்று பெயர் வைத்தார். (நம் போர் மோட்டாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஆகவே தேங்காய்க்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். அவரும் சேர்ந்தே ஏமாறுகிறார்.

ஜெர்மனியில் 1980-களின் கடைசியில் தண்ணீர்ப் பாயிண்ட் பார்ப்பவர்களைச் சோதித்தார்கள். மியூனிக் அருகே ஒரு களஞ்சியம். கீழ்த்தளத்தில் வண்டியில் வைத்த குழாய், அதை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். குழாய் எங்கே என்று மேல்தளத்தில் நடப்பவர் சொல்ல வேண்டும். சுமார் 500 பேரில் 43 பேரைப் பொறுக்கியெடுத்து, 843 முறை பார்த்தார்கள். சிலருக்கு நிஜமாகவே திறமை இருக்கிறது என்றார்கள் ஆய்வாளர்கள். ஜிம் என்ரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதே கணக்கை மறுபடி போட்டார். ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு ‘நட்டநடுவில்’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர்களிலேயே கெட்டிக்காரர் அதைவிட மேல், 10 மீட்டருக்குச் சராசரியாக 4 மில்லிமீட்டர் அளவுக்கு!

பிறகு எப்படித் தண்ணீர் வருகிறது? நம் பக்கம் பூமிக்கடியில் ஆறு எதுவும் ஓடவில்லை. கெட்டிப்பாறை. மக்கிய மேலடுக்கிலும் கீழே வெடிப்புகளிலும் தண்ணீர் தங்குகிறது. ஆழம் போகப் போக ஏதாவதொரு வெடிப்பு மாட்டலாம், மாட்டாமலும் போகலாம். இரண்டு இன்ச் வந்தால் பெருமை தேங்காய்க்கு. வெறும் புகை வந்தால், “பாயிண்டை விட்டு ஒரு அடி தள்ளி வண்டியை நிறுத்திட்டாங்க” என்று பழி ரிக்காரருக்கு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கு இரண்டும் ஒன்றுதான். தண்ணீருக்கும் புகைக்கும் ஒரே அடிக்கணக்கு. கடன் மட்டும் காட்டுக்காரர் தலையில்.

நிலத்தின் மின்தடையை அளந்து தண்ணீர் தேடும் கருவியும் பாறை நிலத்தில் தவறும். ஆனால் அது தவறியது என்று காகிதத்தில் காட்ட முடியும். தேங்காய் தவறியதாக இதுவரை யாரும் ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை.

அடுத்த முறை பாயிண்ட் பார்க்க ஆள் வந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். அவர் சொன்ன இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். துண்டால் அவர் கண்ணைக் கட்டி, நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, அதே காட்டில் வேறு பக்கமிருந்து ஐந்து முறை நடக்கவிடுங்கள். ஒவ்வொரு முறையும் தேங்காய் எழும் இடத்தில் ஒரு குச்சி நடுங்கள். குச்சிகள் எங்கெங்கே நின்றன என்று எனக்கு எழுதுங்கள். ரிக் வண்டிக்கு அதற்கப்புறம் போன் பண்ணலாம்.