கண்மாய் மீனுக்குப் பேன் பிடித்தால்

"ஏக்கருக்கு எத்தனை மில்லி ஊத்தலாம், அதை மட்டும் சொல்லுங்க." டீ வருவதற்குள்ளேயே அண்ணாச்சி கேட்டுவிட்டார். கண்மாயை மீன்பாசி ஏலத்தில் எடுத்திருப்பவர். ராஜபாளையம் ஜவஹர் மைதானத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தோம்.

மாசி பிறந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் இந்தப் பக்கம் கேட்கிற கேள்விதான் இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகிய கண்மாய் மாசி, பங்குனியில் சுண்டத் தொடங்கும். விட்ட குஞ்சு வளர்ந்து பெருத்திருக்கும், தண்ணீர் பாதியாகியிருக்கும். மீனோடு மீன் இடிக்கிற அந்த நெருக்கத்தில்தான் பேன் பரவும்.

"முதல்ல ஒரு ரோகுவைப் பிடிச்சு வெள்ளை பேசின்ல விட்டுப் பாருங்க அண்ணாச்சி" என்றேன். நாம் வளர்க்கிற கெண்டைகளில் ரோகுவைத்தான் பேன் அதிகம் தேடும். துடுப்பு உடம்போடு சேருகிற இடத்தையும் செவுள் மூடிக்குப் பின்னாலும் பார்க்க வேண்டும். அரை சென்டிமீட்டர் சொச்சம், தட்டை, கண்ணாடி போன்ற உடம்பு. சும்மா கிடந்தால் செதில் என்றே நினைப்போம். விரலால் தொட்டால் சறுக்கிக்கொண்டு ஓடும், அப்போது இரண்டு கறுப்புக் கண் தெரியும். ஆர்குலஸ் என்பது புத்தகப் பெயர். தலைப்பேனுக்கு இது உறவில்லை, இறால், நண்டு வகையறா. அடியில் இரண்டு உறிஞ்சான்கள், நடுவில் ஓர் ஊசி. ஊசியால் குத்தி நஞ்சை இறக்கிவிட்டு ரத்தத்தை உறிஞ்சும்.

"ரெண்டு சொட்டு ரத்தம் போனா மீன் செத்தாபோகும்?" என்றார்.

ரத்தத்தைவிட ஓட்டைதான் பெரிய தொந்தரவு. குளத்து மீனின் உடம்பில் இருக்கிற உப்பு, வெளித் தண்ணீரில் இருப்பதைவிட அதிகம். அதனால் தண்ணீர் எந்நேரமும் உடம்புக்குள் ஏறப் பார்க்கும், உப்பு வெளியே கசியப் பார்க்கும். இரண்டையும் தடுத்து நிறுத்துவது தோலும் அதன் மேலிருக்கிற வழவழப்பும்தான். ஊசி குத்தின ஒவ்வோர் இடமும் அந்தக் காவலில் ஒரு திறப்பு. தின்ற தீனியின் சத்தையெல்லாம் மீன் இந்தச் சமநிலையைக் காப்பாற்றவே செலவழிக்கும். எடை கூடாது. அந்தத் திறப்பு வழியாகப் பாக்டீரியா நுழையும், பூசணம் பிடிக்கும், செம்புள்ளி புண்ணாக மாறும். கடலில் வளரும் சால்மனுக்கு இதே கதை தலைகீழ்: தோல் கிழிந்தால் உடம்புத் தண்ணீர் வெளியேறி, தண்ணீருக்குள்ளேயே மீன் வறளும்.

மீன் இதைச் சொல்லாமல் இல்லை. கல்லிலும் மூங்கிலிலும் உடம்பைத் தேய்க்கும், காரணமில்லாமல் துள்ளும், தீனிக்கு வராமல் ஓரமாக ஒதுங்கும். அரிப்பு வேறு, வலி வேறு, மீனுக்கு வலியே கிடையாது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. 2003இல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் டிரவுட் மீனின் உதட்டில் தேனீ நஞ்சையும் அசிட்டிக் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். மீன்கள் தீனியை மறந்தன, உடம்பை ஆட்டின, உதட்டைச் சரளையில் தேய்த்தன. எனக்கு அது போதும். நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும் மனிதனைத் தவிர்த்த எல்லா உயிரையும் விலங்கு என்றே சொல்கிறது. மீன் அதற்குள் அடக்கம்.

இனி மருந்து. மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் டெல்டாமெத்ரின்தான் பல இடத்தில் குளத்துக்கும் போகிறது. டைகுளோர்வாஸ் பழக்கம் முன்பு இருந்தது. 2020 டிசம்பர் 31 முதல் அதற்குத் தடை, பழைய பாட்டில் இருந்தாலும் தொடக்கூடாது. "ஏக்கருக்கு" என்று அண்ணாச்சி கேட்டதில்தான் சிக்கலே. கரையின் பரப்பை வைத்து மருந்து வேலை செய்யாது, தண்ணீரின் அளவை வைத்துத்தான் செய்யும். தையில் ஆறடி நின்ற இடத்தில் பங்குனியில் மூன்றடி நின்றால், அதே ஏக்கர் கணக்கு மீனுக்கு இரட்டை மடங்கு மருந்து. பேனைக் கொல்லும் அளவுக்கும் மீனைச் சாய்க்கும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. அதோடு, பேன் இறால் வகையறா என்றேன் அல்லவா? தண்ணீரில் மிதக்கிற பொடி உயிர்களில் பலவும் அதே வகையறாதான். கட்லாவின் சோறே அவைதான். ரோகுவுக்கு வைத்தியம் பார்த்து, கட்லாவைப் பட்டினி போடுவோம்.

அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப வெளிநாட்டுக்காரன் எப்படிச் சமாளிக்கான்?" என்றார்.

நார்வேயில் கணக்குப் பார்த்துச் சமாளிக்கிறார்கள். கூண்டுச் சால்மன் ஒன்றுக்குச் சராசரியாக வளர்ந்த பெண் கடல்பேன் 0.5க்கு மேல் போகக்கூடாது. காட்டுச் சால்மன் குஞ்சுகள் கடலுக்கு இறங்கும் வசந்தத்தில் அது 0.2. மருந்துகளுக்குப் பேன் பழகிவிட்டதால், இப்போது மீனைக் குழாய் வழியே உறிஞ்சி, 30 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் சில நொடிகள் ஓட்டுகிறார்கள், இல்லையென்றால் தண்ணீரைப் பீய்ச்சிப் பேனை உதிர்க்கிறார்கள். குளிர்க் கடல் மீன் வெந்நீரில் பதறி முட்டிக்கொள்கிறது, செவுள் காயப்படுகிறது, பலவீனமானது மறுநாள் மிதக்கிறது. பேனைத் தின்ன விடுகிற துப்புரவு மீன்கள் கூண்டுக்குள்ளேயே பெருமளவில் செத்துப்போகின்றன. அங்கே சட்டம் எண்ணுவது பேனை. காட்டு மீனைக் காப்பாற்ற அது தேவைதான். ஆனால் பேன் குறைந்த கூண்டில் மீன் சுகமாக இருக்கிறது என்று அந்த எண்ணிக்கையை வைத்துச் சொல்லவே முடியாது.

நம்மிடம் இருக்கிற ஒரு வசதி அவர்களிடம் இல்லை. கடல் வற்றாது, கண்மாய் வற்றும். மீன்பேன் முட்டையிட மீனை விட்டு இறங்கி, கல், கட்டை, செடித் தண்டில் வரிசை வரிசையாக ஒட்டிவிட்டுப் போகும். ஒரு பெண் பேன் நூற்றுக்கணக்கில் இடும். கோடையில் தரை வெடித்தால் அந்த முட்டைகளும் காய்ந்துபோகும். அதனால்தான் வருஷா வருஷம் வற்றும் கண்மாயைவிட, ஆழ்குழாய்த் தண்ணீர் விட்டு வருஷம் முழுக்க நிரப்பி வைக்கிற பண்ணைக்குட்டையில் பேன் குடியேறிவிடுகிறது. குட்டைக்காரர்கள் அறுவடைக்குப் பின் வெயிலில் காயப்போட்டுச் சுண்ணாம்பு தூவினால் பாதித் தொல்லை தீரும்.

தண்ணீர் நிற்கும்போதும் வழி உண்டு. மூங்கில் கழிகளை அங்கங்கே ஊன்றி வையுங்கள், பேன் அதில் முட்டை வைக்கும். நம் வெயிலுக்கு இரண்டு வாரத்தை ஒட்டிப் பொரியும், ஆகவே வாரம் ஒருமுறை கழியைப் பிடுங்கி நல்ல வெயிலில் காயவைத்து மறுபடி ஊன்ற வேண்டும். மருந்து முட்டையைத் தொடாது, கழி தொடும். வாரத்துக்குச் சில மீனை எடுத்துப் பேன் எத்தனை, புண் எத்தனை, தீனி எவ்வளவு மிஞ்சியது என்று நோட்டில் குறித்துவையுங்கள். நெருக்கம் தெரிந்தால் பெரிய மீனை முன்கூட்டியே பிடித்து விற்றுவிடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மீன்வளத் துறை ஆளை வரவழைத்துத் தண்ணீரை அளந்து பிறகு மருந்து.

"எல்லாம் சரி, குஞ்சு வாங்கும்போதே வந்துட்டா?"

பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது, இல்லையென்றால் வேறு குளத்தில் இழுத்த வலையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. வலையை வெயிலில் காயப்போடாமல் இறக்காதீர்கள். குஞ்சு வந்த பையை அப்படியே கண்மாயில் கவிழ்க்காமல், லிட்டருக்கு 30 கிராம் கல்லுப்புக் கரைத்த தண்ணீரில் சில நிமிஷம் விட்டு, குஞ்சு சாயத் தொடங்கினால் அந்த நொடியே நல்ல தண்ணீருக்கு மாற்றுங்கள். பையின் அடியில் மிஞ்சுகிற தண்ணீரைக் கரைக்கு வெளியே ஊற்றுங்கள், கண்மாய்க்குள் வேண்டாம்.