உயரம் என்னும் சேமிப்பு

கணினியில் விமானச் சண்டை விளையாடுவதாகச் சொன்னால், "பொம்புளப் புள்ளைக்கு இதெல்லாம் என்னத்துக்கு?" என்றுதான் பெரியவர்கள் கேட்பார்கள். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைக்கு இதில் நிறையவே இருக்கிறது என்பது என் பதில்.

நானாவின் கணினியில் 'வார் தண்டர்' என்ற விளையாட்டு உண்டு. இணையத்தின் வழியே பல நாட்டவர் ஒரே வானில் பறந்து மோதுவர். (எங்கள் மலையில் மழை பிடித்தால் இணையம் அறுந்துவிடும், அது வேறு கதை.) புதிதாக வருபவர் எதிரியைக் கண்டதும் நேரே பாய்வார், இரண்டு நிமிடத்தில் விழுவார். வேறு சிலர் அடிபடக் கூடாதென்று மேலேயே வட்டமிடுவர். அவர்கள் விழுவதில்லை. ஆனால் கீழே அவர்களுடைய கூட்டாளிகள் ஒருவருக்கு இருவர் என்று எதிரிகளிடம் அகப்பட்டுத் தோற்றுப்போவார்கள். எனக்கு இந்த இரண்டாம் வகையினர் மீதுதான் கோபம் அதிகம்.

எப்போது பொறுப்பது, எப்போது பாய்வது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உயரம். மேலே பறக்கும் விமானத்திடம் அழுத்தசக்தி இருக்கிறது. கீழே பாயும்போது அது இயக்கசக்தியாகிறது. செக்கனுக்கு 100 மீற்றர் வேகத்தில் செல்லும் விமானம் 1000 மீற்றர் இறங்கினால், வளித்தடையை விட்டுக் கணக்கிட்டால், வேகம் ஏறத்தாழ 173 மீற்றராகும். அதாவது மணிக்கு 360 கிலோமீற்றர், 620ஐத் தாண்டிவிடுகிறது. அந்த வேகத்தில் வந்து ஒரு தடவை சுட வேண்டும். பட்டாலும் படாவிட்டாலும், எஞ்சிய வேகத்தோடு மீண்டும் மேலே ஏறிவிட வேண்டும். ஆசைப்பட்டு வளைந்து வளைந்து துரத்தினால் வேகம் கரைந்துவிடும். பிறகு ஏறவும் முடியாது, ஓடவும் முடியாது.

ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் தெல்தெனியப் பக்கத்தில் விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். 122 மீற்றர் உயர அணைக்குப் பின்னால் நிற்கும் தண்ணீரும் இதே சேமிப்புத்தான். திறக்காமலே வைத்திருந்தால் மின்சாரம் இல்லை. கண்டபடி திறந்துவிட்டால் வறட்சியில் கையை விரிக்க வேண்டியதுதான்.

விளையாட்டில் வரும் ஹரிக்கேனும் சீரோவும் உண்மையாகவே எங்கள் நாட்டு வானில் மோதியவை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, அட்மிரல் நகுமோவின் கப்பல்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தன. முந்தைய நாளே, கொக்கலைத் தளத்தைச் சேர்ந்த கனேடிய விமானி லெனாட் பேர்ச்சல் அந்தக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தார். அப்படியிருந்தும் இரத்மலானையில் ஹரிக்கேன்கள் தரையிலிருந்து எழும்பும்போதே எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டான். கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் இன்னொரு ஓடுபாதை இருப்பது ஜப்பானியருக்குத் தெரியாததால், அங்கிருந்தவை தடையின்றி எழும்பின.

ஐரோப்பாவில் ஜேர்மனியரின் மெசர்ஸ்மிற் 109ஐ விட இறுக்கமாக வளையக்கூடியது ஹரிக்கேன். சீரோவோ அதைவிடவும் சிறிய ஆரையில் வளையும். ஆனால் சீரோவுக்குக் கவசமில்லை. மிகுந்த வேகத்தில் அதன் கட்டுப்பாடுகள் இறுகிப்போகும். ஆகவே சீரோவுடன் வளையப் போகக் கூடாது, மேலிருந்து பாய்ந்து விலக வேண்டும். இரத்மலானை விமானிகளுக்கு அதற்கான உயரம் கிடைக்கவில்லை. அன்று பத்துக்கும் மேற்பட்ட ஹரிக்கேன்கள் வீழ்ந்தன. அவற்றுள் இருந்தவர்கள் பலர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள்.

விளையாட்டில் விழுந்தால் அடுத்த விமானம் சில செக்கன்களில் வந்துவிடும். பலர் கண்மூடித்தனமாகப் பாய்வது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஒரு சுற்றுக்கு ஒரே விமானம் தரும் முறையும் அதில் இருக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும். முதல் ஐந்தாறு நிமிடம் ஏறுவதைத் தவிர அதில் வேறொன்றும் நடக்காது. பக்கத்திலிருந்து பார்க்கும் தங்கச்சி அலுத்துப்போய் எழுந்து போய்விடுவாள்.