மௌனம் சாதிக்கும் விசைப்பலகை

கணினியில் பணிபுரிவோர் யாவருக்கும் என்றேனும் ஒருநாள் இவ்வனுபவம் நேரும். திரை ஒளிர்கிறது, ஆயினும் விசையைத் தட்டினால் எழுத்து விழுவதில்லை, மௌஸை நகர்த்தினால் அம்பு அசைவதில்லை. உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுவது பலரது வழக்கம். நானும் ஒருமுறை அவ்விதமே செய்தேன். காலை முதல் மொழிபெயர்த்து, சேமித்து வைக்காதிருந்த ஒன்பது பக்கங்கள் மறைந்தொழிந்தன. பின்னர் ஆராய்ந்தபோது கணினியில் யாதொரு பழுதும் இல்லை! கம்பியில்லா விசைப்பலகைக்கும் மௌஸுக்கும் பொதுவான சிறு ஏற்பி, தன் துளையில் தளர்ந்திருந்தது, அவ்வளவே.

எனவே முதற்கண் அறிய வேண்டுவது, செயலற்றது கணினியா, அன்றி அதற்குச் செய்தி கொண்டுசெல்லும் கருவியா என்பதே. திரையின் மூலையிலுள்ள கடிகாரத்தைச் சற்றே கவனியுங்கள். நிமிடம் மாறுமாயின் கணினி உயிருடன் இருக்கிறது. கம்பியுள்ள விசைப்பலகையாயின் காப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு ஏற்றும் அணைந்தும் மாறினால், செய்தி கணினியை எட்டுகிறது என்பது உறுதி. அப்பொழுது ஏதேனும் ஒரு மென்பொருள் திணறிக்கொண்டிருக்கலாம். சில நிமிடங்கள் பொறுத்திருத்தல் நலம்.

கடிகாரம் ஓடியும் கருவிகள் இயங்கவில்லையெனில், இணைப்பை நோக்குக. 1996-இல் வெளிவந்த யு.எஸ்.பி. முறையில், கணினி இயங்கும்போதே செருகியைக் கழற்றி வேறு துளையில் பொருத்தலாம். 1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் கொணர்ந்த வட்ட வடிவமான பி.எஸ்.2 செருகியையோ, கணினியை அணைத்த பின்னரே பொருத்துதல் வேண்டும். கம்பியில்லாக் கருவியெனில் பாட்டரியை மாற்றுக. மௌஸ் மட்டும் தடுமாறின், அது கண்ணாடி மேசைமீது இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒளியால் இயங்கும் மௌஸ்கள் பல அங்கே வழி தவறும்.

விண்டோஸ் கணினிகளில் இன்னுமொரு விந்தை உண்டு. வலப்புற ஷிப்ட் விசையை எட்டு விநாடிகள் அழுத்தியிருந்தால் ஒரு கேள்வி தோன்றும். படியாது இசைந்துவிட்டால், விரைவாகத் தட்டும் விசைகளைக் கணினி புறக்கணிக்கத் தொடங்கும். அதே விசையை மீண்டும் எட்டு விநாடிகள் அழுத்தின் பழைய நிலை திரும்பும்.

இரண்டில் ஒன்றேனும் இயங்கினால், முதல் வேலையாக ஆவணத்தைச் சேமித்துவிடுங்கள். விசைப்பலகை இயங்கினால் கண்ட்ரோலுடன் எஸ் போதும்; மௌஸ் இயங்கினால் பட்டியலிலிருந்தே சேமிக்கலாம். இரண்டும் இயங்காவிடின், நண்பரிடம் ஒரு யு.எஸ்.பி. விசைப்பலகையை இரவல் பெற்றுப் பொருத்திப் பாருங்கள். மின்விசையை நீண்டநேரம் அழுத்தி அணைப்பது, வேறு வழி யாதும் இல்லாதபோது கையாள வேண்டிய இறுதி உபாயம். அவ்வாறு அணைத்தால் சேமிக்காதவை மீளா.

கருவி பழுதாயின் கடையில் வேறொன்று வாங்கலாம். காலையெல்லாம் செய்த பணியை எக்கடையிலும் வாங்க இயலாது.