புல்லட் ரெயில் நின்றது. வயக்காடு கடைவீதி ஆனது! நிற்காமல் போன ஊரின் கதி என்ன?

கடை போட இடம் தேடுகிறவர் முதலில் என்ன கேட்பார்? "பஸ் ஸ்டாப் பக்கத்துல இருக்கா? ஸ்டேஷன் பக்கத்துல இருக்கா?" என்பார். ஜப்பானில் பெரிய பெரிய கம்பெனிகளும் இதே கேள்வியைத்தான் கேட்கின்றன. ஒரு வார்த்தைதான் கூடுதல். "புல்லட் ரெயில் நிற்குமா?"

வயலுக்கு நடுவே ஸ்டேஷன்

1964-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே உலகின் முதல் புல்லட் ரெயில் ஓடியது. தூரம் 515 கிலோ மீட்டர். முதலில் 4 மணி நேரம் பிடித்தது. அடுத்த ஆண்டே அது 3 மணி 10 நிமிடமாகக் குறைந்தது.

வழியில் யோகோஹாமா பெரிய துறைமுக நகரம். ஆனால் வேக ரெயிலுக்கு வளைவு ஆகாது. நேர்கோடாகப் பாதை போட்டார்கள். அது ஊருக்குள் போகவில்லை. வெளியே, பழைய ரெயில் பாதை குறுக்கிடும் இடத்தில், நெல் வயலுக்கு நடுவே ஸ்டேஷன் கட்டி "ஷின் யோகோஹாமா" என்று பெயர் சூட்டினார்கள். "ஷின்" என்றால் "புதிய" என்று அர்த்தம். புதிய யோகோஹாமா! பெயர் இருந்தது. ஊரைத்தான் காணோம்.

(பாதை எங்கே வரும் என்ற ரகசியத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு நிலத்தை வளைத்துப் போடும் கூட்டத்தைப் பற்றி அதே 1964-ல் ஜப்பானில் ஒரு சினிமாவே வந்தது. நிலப் புரோக்கர் எந்த நாட்டிலும் நிலப் புரோக்கர்தான்!)

ஸ்டேஷன் வந்தும் கம்பெனிகள் வரவில்லை. ஏன்? மெதுவாகப் போகும் "கொதாமா" ரெயில்தான் அங்கே நின்றது. வேகமான "ஹிகாரி" நிற்காமல் பறந்தது. ஊருக்குள் இருந்து வந்து சேரவும் சரியான வசதி இல்லை.

1976-ல்தான் ஹிகாரி நிற்க ஆரம்பித்தது. 1985-ல் நகரத்தில் இருந்து சுரங்க ரெயில் வந்தது. அதன் பிறகு பாருங்கள்! எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள், கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக மாடி கட்டின. டோக்கியோவை விட வாடகை குறைவு. புல்லட் ரெயிலில் ஏறினால் 20 நிமிடத்துக்குள் டோக்கியோ. வேறு என்ன வேண்டும்?

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்டேஷனுக்கு வடக்கே கட்டிடக் காடு. தெற்கு வாசலில் இறங்கினால் பல ஆண்டுகளாகச் சின்ன வீடுகளும் தோட்டங்களும்தான். ஸ்டேஷன் ஒன்றுதான். வடக்கே மனை பிரித்து ரோடு போட்டார்கள். தெற்கே அந்த வேலை நடக்கவில்லை.

கொதித்தது நகோயா

1992-ம் ஆண்டு "நொசோமி" என்ற அதிவேக ரெயில் வந்தது. காலை 6 மணிக்கு டோக்கியோவில் புறப்பட்டு 8.30-க்கு ஒசாகா சேரும் முதல் வண்டி, நகோயாவில் நிற்கவில்லை. கியோட்டோவிலும் நிற்கவில்லை. நின்ற ஒரே இடம் ஷின் யோகோஹாமா!

நகோயா எவ்வளவு பெரிய தொழில் நகரம்! "எங்களைத் தாண்டிக்கொண்டு வயக்காட்டில் நிறுத்துவதா?" என்று ஊரே கொதித்தது. 1997-ல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. ஆனால் கம்பெனிகளுக்குச் சேதி புரிந்துவிட்டது. 2008-ல் இருந்து எல்லாப் புல்லட் ரெயில்களும் ஷின் யோகோஹாமாவில் நிற்கின்றன.

எல்லா வயலுக்கும் இந்த யோகம் அடிக்கவில்லை. அதே 1964-ல் திறந்த கிஃபு ஹஷிமா ஸ்டேஷனைச் சுற்றிச் செழித்த தொழில் என்ன தெரியுமா? கார் நிறுத்தும் இடம்! சில நிமிட ஓட்டத்தில் நகோயா இருக்கும்போது இங்கே யார் ஆபீஸ் போடுவார்கள்?

கொமோரோ கடைக்காரர்கள்

நாகனோ மாநிலத்தில் கொமோரோ என்று ஒரு பழைய கோட்டை ஊர். டோக்கியோ எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும். அதை நம்பிக் கடைவீதி இருந்தது. பக்கத்தில் சாகு. அங்கே வயல்வெளி.

1998 குளிர்கால ஒலிம்பிக்குக்காக நாகனோவுக்குப் புல்லட் ரெயில் போட்டார்கள். பாதை எங்கள் பக்கம்தான் வரவேண்டும் என்று இரண்டு ஊருக்கும் போட்டி. ஜெயித்தது சாகு. 1997 அக்டோபர் 1-ந் தேதி சாகுதைரா ஸ்டேஷன் திறந்தது. அதே நாளோடு கொமோரோவுக்கு வந்த டோக்கியோ எக்ஸ்பிரஸ் நின்றுபோனது. பழைய பாதையும் வேறு ஒரு சிறிய ரெயில் கம்பெனியின் கைக்குப் போனது.

சாகுவில் வயல்கள் மறைந்தன. பெரிய கடை வளாகங்கள், ஓட்டல்கள், கார் நிறுத்த விசாலமான இடங்கள் வந்தன. ஜனங்கள் அங்கே போனார்கள். கொமோரோ கடைவீதி களை இழந்தது. கடைக்காரர்கள் செய்த தப்பு என்ன? ஒன்றுமே இல்லை.

ரெயில் நின்ற நாகனோவுக்கும் முழு லாபம் இல்லை. ஏறக்குறைய 3 மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரமானது. "காலையில் போய் சாயங்காலம் திரும்பிடலாமே, அங்கே கிளை ஆபீஸ் எதுக்கு? ராத்திரி லாட்ஜ் எதுக்கு?" என்று டோக்கியோ முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். சோடாவை உறிஞ்சுவதுபோல் பெரிய ஊர் சின்ன ஊரை உறிஞ்சுகிறது என்பதால் ஜப்பானியர் இதற்கு "ஸ்ட்ரா விளைவு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சூரத்தில் என்ன ஆகும்?

நம் நாட்டிலும் மும்பை-அகமதாபாத் புல்லட் ரெயிலுக்கு 2017-ல் அடிக்கல் நாட்டினார்கள். 508 கிலோ மீட்டர், 12 ஸ்டேஷன். ஜப்பான் கடனும் ஜப்பான் தொழில்நுட்பமும்தான். ஜவுளி வியாபாரம் கொழிக்கும் சூரத்தில் பழைய ஸ்டேஷன் ஊருக்குள் இருக்கிறது. ஜவுளி மார்க்கெட்டுகள் அதற்குப் பக்கம். புல்லட் ரெயில் ஸ்டேஷனோ ஊருக்கு வெளியே அந்த்ரோலியில்.

அங்கே இடம் வாங்க நினைக்கும் சேட்டுகள் நிலத்தின் விலையை மட்டும் விசாரித்தால் போதாது. எத்தனை வண்டி நிற்கும், ஊருக்குள் இருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும் என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.